முதுகு வளையும் டெட்லிஃப்ட்: எடையைக் குறைப்பதா, வகையை மாற்றுவதா, உயரத்தை ஏற்றுவதா?

தரையில் கிடக்கும் பாரை, அதாவது இரு முனைகளிலும் பிளேட் எனப்படும் வட்ட எடைகள் மாட்டிய நீண்ட இரும்புக் கம்பியை, பிடித்து நிமிர்ந்து நிற்பதுதான் டெட்லிஃப்ட். சொல்வதற்கு இவ்வளவு எளிதாக இருக்கும் இந்தப் பயிற்சியைத் தாம் செய்யும் விதத்தைப் பக்கவாட்டில் படம் பிடித்துப் பார்க்கும்போதுதான், பார் தரையை விட்டுக் கிளம்பும் அந்த நொடியில் தம் கீழ்முதுகு வில்லாக வளைவது பலருக்கும் முதன்முறையாகத் தெரியவருகிறது. அதன் பிறகு அவர்கள் காதில் விழும் அறிவுரைகள் ஒன்றுக்கொன்று முரணானவை. எடையைக் குறை என்கிறார் ஒருவர். காலை அகட்டிச் சுமோ முறைக்கு மாறு என்கிறார் இன்னொருவர். உள்ளே நின்று தூக்கும் சட்டமான ட்ராப் பாரில் செய்தால் முதுகுக்குத் தொல்லையே இல்லை என்கிறார் மூன்றாமவர். முதலில், மேலிருந்து இறக்கித் தூக்கும் ரொமேனியன் டெட்லிஃப்டைக் கற்றுக்கொள் என்றும், பாரைக் கட்டை மேல் ஏற்றி வைத்துத் தூக்கு என்றும் சொல்பவர்களும் உண்டு. இந்த ஐந்து வழிகளையும் வெவ்வேறு காலங்களில் நானே செய்து பார்த்திருக்கிறேன், பயிற்சித் தோழர்கள் செய்வதை அருகிலிருந்தும் பார்த்திருக்கிறேன். ஐந்திலும் உண்மை இருக்கிறது. ஆனால் யாருக்கு எது என்பதைத் தீர்மானிக்கும் கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பார் எந்த உயரத்தில் இருக்கும்போது உங்கள் முதுகு வளையத் தொடங்குகிறது என்பதே அந்தக் கேள்வி.

அதற்கு முன், முதுகு வளைதல் என்று எதைச் சொல்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். முதுகெலும்பு இயல்பிலேயே நேர்கோடு அல்ல. கழுத்திலும் இடுப்பிலும் அது உள்வாங்கியும், நெஞ்சுப் பகுதியில் வெளித்தள்ளியும் இருக்கிறது. தூக்கும்போது வெளிப்பார்வைக்குத் தட்டையாகத் தெரியும் முதுகிலும் இடுப்புப் பகுதியின் ஐந்து முள்ளெலும்புகளும் ஓரளவு முன்னோக்கி மடங்கியே இருக்கின்றன. ஆகவே ‘முதுகு நேராக இருக்கிறதா?’ என்று பார்ப்பதைவிட, பாரைப் பிடித்துக் குனிந்து நிற்கையில் இருந்த வடிவம் எடை ஏறிய பிறகும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பதே சரி. தொடங்கும்போது இருந்த வடிவம் சுமையின் கீழ் நழுவினால் அதுதான் பிழை. அதிலும் மேல்முதுகு சற்றுக் கூன் விழுவதும் கீழ்முதுகு நழுவுவதும் ஒன்றல்ல. முன்னதைப் பல தேர்ந்த வீரர்கள் தெரிந்தே செய்கிறார்கள். பின்னதைக் கற்றுக்கொள்ளும் நிலையில் உள்ள எவரும் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

பாரின் உயரம்தான் சிக்கல் என்பதை நான் உணர்ந்தது ஓர் அளவு டேப்பினால்தான். பல மாதங்கள் என் பின்தொடைத் தசைகள் இறுகியிருப்பதே காரணம் என்று நம்பி, நாள்தோறும் நீட்டல் பயிற்சிகள் செய்து வந்தேன். போட்டித் தரத்திலான 20, 25 கிலோ பிளேட்டுகளின் விட்டம் 45 சென்டிமீட்டர். எனவே பாரின் மையம் தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். டெட்லிஃப்ட் பற்றி எழுதப்படும் எல்லா விளக்கங்களும் இந்த உயரத்தை வைத்துத்தான் எழுதப்படுகின்றன. ஒருநாள் டேப்பை எடுத்துக்கொண்டு போய் நான் பயிற்சி செய்த ஜிம்மின் 20 கிலோ வார்ப்பிரும்புப் பிளேட்டை அளந்தேன். 36 சென்டிமீட்டர்தான் இருந்தது. அப்படியானால் பாரின் மையம் 18 சென்டிமீட்டரில் கிடக்கிறது. நான் ஒவ்வொரு முறையும் நாலரை சென்டிமீட்டர் பள்ளத்திலிருந்து தூக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் மரப்பலகை வைத்து அந்த நாலரை சென்டிமீட்டரை ஈடுகட்டியதும், அதே எடையில், அதே நாளில், என் கீழ்முதுகின் நழுவல் பாதியாகக் குறைந்தது. நம் ஊர்களின் சிறிய ஜிம்களில் இருக்கும் பிளேட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் இருக்கும். 10 கிலோ பிளேட்டுகளை மட்டும் மாட்டிப் பழகும் புதியவருக்குப் பள்ளம் இன்னும் ஆழம். எடை குறைவு என்பதால் எளிது என்று அவரிடம் சொல்லப்படுகிறது. உண்மையில் அவர்தான் எல்லோரையும்விடத் தாழக் குனிகிறார்.

உயரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், குனிவது இரண்டு இடங்களில் நடக்கக்கூடியது: இடுப்பு மூட்டில் ஒன்று, முதுகெலும்பில் ஒன்று. இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனியும்போது பின்தொடைத் தசைகள் நீள்கின்றன. அவை நீளக்கூடிய எல்லையும் இடுப்பு மூட்டின் எலும்பு அமைப்பு அனுமதிக்கும் எல்லையும் எட்டிய பிறகும் கை பாரைத் தொடவில்லை என்றால், மீதித் தூரத்தை முதுகெலும்புதான் கொடுத்தாக வேண்டும். நீண்ட கைகளும் குட்டையான கால்களும் உள்ளவருக்கு இந்தக் கணக்கு இயல்பாகவே தீர்ந்துவிடும். நீண்ட தொடையும் குட்டையான கையும் உள்ளவருக்கு எவ்வளவு கவனம் இருந்தாலும் தீராது.

இனி வழிகளைப் பார்க்கலாம். முதல் வழி, அதே வழக்கமான டெட்லிஃப்டை எடை குறைத்து மீண்டும் கற்பது. தூக்கக்கூடிய உச்ச எடையில் 60, 65 விழுக்காட்டில் முதுகு வடிவம் மாறாமல் இருந்து, 85 விழுக்காட்டைத் தாண்டியதும்தான் நழுவுகிறது என்றால், உயரத்தில் குறையில்லை. உடல் அந்த நிலையை எட்டுகிறது, ஆனால் அதைக் காக்கும் வலுவோ ஒழுங்கோ போதவில்லை. இவருக்கு இதுவே சரியான வழி, வேறு எதற்கும் மாற வேண்டியதில்லை. அவர் மீண்டும் கற்க வேண்டியவை இவை. பார் பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே இருக்கும்படி, கணைக்காலிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி நிற்பது. பாரை நகர்த்தாமல் அதைப் பிடித்த பிறகு முழங்காலை முன்னுக்குக் கொண்டுவந்து கணைக்காலைப் பாரில் தொட வைப்பது. அக்குளில் ஒரு துண்டை இடுக்கியிருப்பதுபோல் கைகளை உடலோடு இறுக்குவது. வயிற்றைச் சுற்றிலும், முன்னால் மட்டுமல்ல இரு விலாவிலும், மூச்சை நிரப்பிப் பிடிப்பது. வெடுக்கென்று இழுக்காமல், பாருக்கும் பிளேட்டுக்கும் இடையிலுள்ள தளர்ச்சியை முதலில் எடுத்துவிட்டு, பார் ‘டிக்’கென்று பிளேட்டின் உள்விளிம்பில் ஒட்டும் ஒலி கேட்ட பிறகு தரையைக் காலால் அழுத்துவது. இவற்றில் கடைசியானதுதான் அதிகம் கைவிடப்படுகிறது. வெடுக்கென்று இழுப்பவரின் கைகள் தளர்ந்திருக்கும். எடை ஏறும் நொடியில் கை நீள, தோள் சரிய, முதுகும் கூடவே போகிறது. ஒவ்வொரு ரெப்பையும் (ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) தரையில் முழுதாக நிறுத்தி, மூச்சை மீண்டும் பிடித்துத் தூக்கினால் ஆறு வாரத்தில் மாற்றம் தெரியும். பிளேட்டைத் தரையில் மோதித் துள்ள விட்டுத் தூக்கும் பழக்கம் இந்தப் பிழையை மூடி மறைக்கிறது.

ஆனால் பாதி எடையிலேயே, அல்லது வெறும் குச்சியைக் கொண்டே அந்த உயரத்திற்குக் குனியும்போது முதுகு மடங்குகிறது என்றால், எடையைக் குறைப்பது எதையும் தீர்க்காது. குறைந்த எடையில் அதே பிழையைப் பழகுவதாகத்தான் முடியும்.

சுமோ முறை இந்தச் சிக்கலை வேறு வழியாக அணுகுகிறது. கால்களை அகட்டி, பாதங்களை வெளிப்புறம் திருப்பி, கைகளை முழங்கால்களுக்கு உள்ளே விட்டுப் பிடிக்கும்போது உடல் அதிகம் நிமிர்ந்திருக்கிறது. இடுப்பு பாருக்கு அருகில் வருகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பின் இயக்கவியலை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் உள்ளிட்டோர் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், பவர்லிஃப்டிங் (டெட்லிஃப்டும் அடங்கிய எடைதூக்கும் விளையாட்டு) போட்டியாளர்களின் கீழ்முதுகில் விழும் திருப்பு விசை, அதாவது முதுகை மடக்க முயலும் விசை, சுமோ முறையில் ஏறத்தாழ 10 விழுக்காடும், முள்ளெலும்புகளுக்கிடையேயான வெட்டு விசை (ஒன்றின்மேல் ஒன்றை வழுக்கச் செய்யும் விசை) ஏறத்தாழ 8 விழுக்காடும் குறைவாக இருப்பதைக் கண்டார்கள். கவனிக்கத்தக்க வேறுபாடுதான், ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இல்லை. சுமோவில் எடை முதுகிலிருந்து இடுப்புக்கும் உள்தொடைக்கும் தொடைக்கும் இடம் மாறுகிறது. உள்தொடைத் தசைகள் பழகாதவருக்கு முதல் சில வாரங்கள் கவட்டை வலி நிச்சயம். அதைவிடப் பெரிய தடை, இடுப்பு மூட்டின் அமைப்பு. தொடை எலும்பின் தலை குழிக்குள் எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலரால் எவ்வளவு பயின்றாலும் முழங்காலைப் பாதத்தின் திசையில் திறந்து வைக்க முடிவதில்லை. அவர்கள் சுமோ செய்தால் முழங்கால் உள்ளே சரியும், இடுப்பு முதலில் மேலெழும், கடைசியில் அகலக் கால் வைத்த வழக்கமான டெட்லிஃப்டாக அது மாறி முதுகு பழையபடி வளையும். ஒரு சோதனை உண்டு. கால்களை அகட்டி நின்று, கையில் எதுவும் இல்லாமல், முழங்கால்கள் பாதங்களின் மேலேயே இருக்கும்படி தொடை தரைக்குக் கிட்டத்தட்ட இணையாகும்வரை இறங்கிப் பாருங்கள். பத்து நொடி அங்கே தவிப்பின்றி நிற்க முடிந்தால் சுமோ உங்களுக்குத் திறந்திருக்கிறது. சுமோ ஏமாற்று வேலை என்னும் பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம். பவர்லிஃப்டிங் போட்டி விதிகள் அதை முழுமையாக ஏற்கின்றன.

ட்ராப் பார் பிறந்த கதையே முதுகு வலியிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்கப் பவர்லிஃப்டர் ஆல் ஜெரார்ட் 1980-களில், தம் கீழ்முதுகுத் தொல்லைக்கு இடையிலும் கனமாகப் பயிற்சி செய்வதற்காக இதை உருவாக்கினார். சட்டத்துக்குள் நின்றுகொண்டு இரு பக்கப் பிடிகளைப் பிடிப்பதால், எடை உடலுக்கு முன்னால் தொங்காமல் உடலின் நடுக்கோட்டிலேயே இருக்கிறது. பெரும்பாலான ட்ராப் பார்களில் உயரப் பிடியும் இருப்பதால், குனியும் ஆழமும் குறைகிறது. 2011-இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் பவர்லிஃப்டர்களைக் கொண்டு நடத்திய ஒப்பீட்டில், நேர்ப் பாரைவிட இதில் கீழ்முதுகிலும் இடுப்பிலும் உச்சத் திருப்பு விசை குறைந்து, முழங்காலில் கூடியது. ஒரு விளையாட்டுக்காகவோ பொது உடல்வலுவுக்காகவோ மட்டும் பயிற்சி செய்பவர், போட்டியில் பாரைத் தூக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர், வழக்கமான டெட்லிஃப்டை என்றைக்குமே தொடாமல் இதை வாழ்நாள் முழுக்கச் செய்யலாம். அதில் ஒரு குறையும் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லக் காரணம், தரையிலிருந்து நேர்ப் பாரைத் தூக்காதவன் தூக்கியவனே அல்ல என்பதுபோல் ஜிம்களில் நிலவும் எண்ணம் பலரைத் தேவையற்ற வலிக்குள் தள்ளியிருப்பதை நான் கண்டிருக்கிறேன். ஆனால் நேர்ப் பாரில் முதுகைக் காக்கக் கற்பதே உங்கள் நோக்கமென்றால், ட்ராப் பார் அந்தப் பாடத்தைக் கற்றுத் தருவதில்லை. பாரைக் கணைக்காலோடு ஒட்டி வைத்திருக்கும் வேலை இதில் இல்லை. முழங்காலை முன்தள்ளி உட்கார்ந்து எழுவதுபோல் செய்தாலும் எடை மேலே வந்துவிடும். சிறிய ஊர்களின் ஜிம்களில் இது கிடைப்பதும் அரிது.

நேர்மாறான குணம் கொண்டது ரொமேனியன் டெட்லிஃப்ட். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 90 கிலோ பிரிவில் தங்கம் வென்ற ருமேனியப் பளுதூக்கும் வீரர் நிக்கு விளாட் அமெரிக்காவில் செய்து காட்டியதால் இந்தப் பெயர் வந்தது. மற்றவை கீழிருந்து தொடங்க, இது மேலிருந்து தொடங்குகிறது: நிமிர்ந்து நின்று, முழங்காலைச் சற்றே தளர்த்தி, இடுப்பைப் பின்னால் உள்ள சுவரை நோக்கித் தள்ளித் தள்ளி, பார் தொடையை உரசியபடி இறங்கி, முழங்காலுக்குக் கீழே சற்று வந்ததும் திரும்புகிறது. எதை மடக்குவது, எதை மடக்காமல் விடுவது என்பதை உடலுக்குச் சொல்லிக் கொடுப்பதில் இதற்கு இணை இல்லை. இறங்கும் ஆழத்தை நாமே தீர்மானிப்பதால், முதுகு நழுவும் இடத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்திவிடலாம். நீண்டபடி எடையைத் தாங்குவதால் பின்தொடைத் தசை வெறும் நீட்டல் பயிற்சியைவிட இதில் நன்றாக இளகுகிறது என்பது என் அனுபவம். நீட்டலில் பல மாதங்களில் கிடைக்காதது இதில் எட்டு வாரத்தில் கிடைத்தது. தரையில் அசைவற்றுக் கிடக்கும் எடையை முதன்முதலாகக் கிளப்பும் வலு மட்டும் இதில் வளராது. எனவே தனித்த தீர்வாக இல்லாமல், துணைப் பயிற்சியாகவே இதைக் கொள்ள வேண்டும்.

ஐந்தாவது வழிக்கு வருகிறேன். முதுகு வளைவைத் திருத்த வருபவர்களில் பெரும்பாலோருக்கு நான் பரிந்துரைப்பது இதுதான். பாரைத் தரையில் வைக்காமல், பிளேட்டுகளுக்கு அடியில் பலகையோ ரப்பர் மேட்டோ வேறு பிளேட்டுகளோ அடுக்கி உயர்த்தி வைத்துத் தூக்குவது. அசைவு அதேதான், பிடி அதேதான், தளர்ச்சியை எடுப்பதும் மூச்சைப் பிடிப்பதும் அதேதான். பள்ளம் மட்டுமே இல்லை. எந்த உயரம் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு துடைப்பக் கம்பு போதும். அதை முதுகின் நீளவாக்கில் பின்னந்தலை, தோள்பட்டை எலும்புகளின் நடுப்பகுதி, இடுப்புக்குக் கீழே வால் எலும்புக்கு மேலுள்ள மேடு ஆகிய மூன்று இடங்களிலும் படும்படி ஒரு கை கழுத்துப் பக்கமும் ஒரு கை இடுப்புப் பக்கமுமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். டெட்லிஃப்ட் செய்யும் முறையில் மெல்லக் குனியுங்கள். கம்பு மூன்றில் ஏதாவது ஓர் இடத்தை விட்டு விலகும் கணம்தான் உங்கள் எல்லை. இப்போது கம்பை விட்டுவிட்டு அதே நிலையில் கைகளைத் தொங்கவிட்டால், உள்ளங்கை எங்கே நிற்கிறதோ அங்கே பார் இருக்க வேண்டும். எனக்கு அது தரையிலிருந்து 27 சென்டிமீட்டர். பாரின் மையம் 18-இல் கிடந்த ஜிம்மில் 9 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டியிருந்தது.

அந்த உயரத்தில் வாரத்துக்கு ஒருமுறை ஐந்து ரெப் கொண்ட மூன்று நான்கு செட் (இடைவிடாமல் செய்யும் ரெப்களின் தொகுப்பு ஒரு செட்), வாரத்தின் இன்னொரு நாளில் ரொமேனியன் டெட்லிஃப்ட் எட்டு ரெப்பாக மூன்று செட். மூன்று வாரம் தொடர்ந்து எல்லா ரெப்பிலும் வடிவம் மாறாதிருந்தால் ஒரு பலகையை எடுத்துவிடலாம். 2 சென்டிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் இறக்க வேண்டாம். இறக்கிய வாரத்தில் எடையையும் பத்து விழுக்காடு குறைத்துக்கொள்ள வேண்டும். இந்த வழியின் ஆபத்து ஒன்றே ஒன்று: உயரத்தில் அதிக எடை தூக்க முடியும் என்பதால் ஆசை வந்துவிடும். பாரை முழங்காலுக்கு மேலே ரேக் எனும் இரும்புத் தாங்கியில் வைத்து, பிளேட்டை அடுக்கிக்கொண்டே போகும் பயிற்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இங்கே உயரம் ஊன்றுகோலைப் போன்றது. கால் தேறத் தேற அதைச் சுருக்கிக்கொண்டே வர வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் சரிபார்க்க ஒரு கண் வேண்டும். பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தபடி தூக்குவது மோசமான யோசனை, ஏனெனில் கழுத்தைத் திருப்பியபடி எடையை ஏற்றுகிறோம். போனை இடுப்பு உயரத்தில், பாரின் முனைக்கு நேராக, மூன்று மீட்டர் தள்ளி வைத்து ஒவ்வொரு கடைசிச் செட்டையும் எடுப்பதே போதுமானது. தொளதொளத்த பனியன் முதுகை மறைத்துவிடும், அதைக் கவனிக்க வேண்டும். நல்ல பயிற்சியாளர் கிடைத்தால் வீடியோவைவிட மேல்தான். ஆனால் எனக்கு முதலில் கிடைத்தவர் ஒவ்வொரு முறையும் ‘நெஞ்சை நிமிர்த்து, நெஞ்சை நிமிர்த்து’ என்று கத்தினார். நான் நிமிர்த்தியது நெஞ்சை அல்ல, கீழ்முதுகை. அது உள்வாங்கி, மேலே போய் நிற்கும்போது பின்னால் சாய்ந்து, வேறொரு வகை வலியைத் தந்தது. விலா எலும்புகளை இடுப்பை நோக்கிக் கீழே வைத்திரு என்று அவர் சொல்லியிருந்தால் ஒரே வாரத்தில் தீர்ந்திருக்கும். பெல்ட் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெல்ட் முதுகைத் தாங்கிப் பிடிப்பதில்லை. வயிறு எதிர்த்து அழுத்துவதற்கு ஒரு சுவரைத் தருகிறது. மூச்சைப் பிடிக்கத் தெரியாதவருக்கு அந்தச் சுவரால் பயனில்லை. எனவே வடிவத்தைத் திருத்தும் மாதங்களில் அதைப் பையிலேயே வைத்திருப்பது நல்லது.

இதற்கு மறுப்பாக இரண்டு எடுத்துக்காட்டுகள் அடிக்கடி வரும். ஒன்று லாமர் கான்ட். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்த நிலையோடு வாழ்ந்த அந்த அமெரிக்கர் 1985-இல் 60 கிலோ பிரிவில் 300 கிலோவைத் தூக்கி, உடல் எடையின் ஐந்து மடங்கை டெட்லிஃப்டில் தூக்கிய முதல் மனிதர் ஆனார். மற்றொன்று நம் தென்மாவட்டக் கிராமங்களின் இளவட்டக்கல். உருண்டு வழுவழுப்பான அந்தக் கல்லைக் கைகளால் அணைத்து மடிக்கு ஏற்றித் தோளுக்குத் தள்ளும்போது முதுகு வளையாமல் இருக்கவே முடியாது. இரண்டுமே உண்மை, மனித முதுகு நாம் அஞ்சுவதைவிட உறுதியானது என்பதற்கு இரண்டுமே சான்று. ஆனால் கான்ட் அதே உடலோடு பல்லாண்டுகள் படிப்படியாக எடை ஏற்றி வந்தவர். கல்லைத் தூக்குபவர் தொடக்கத்திலேயே வளைந்து அந்த வளைவிலேயே இறுகி நிற்கிறார். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு மாலையில் வந்து 100 கிலோவின் கீழ் முதுகை நழுவ விடுபவருக்கு இந்த இருவரில் எவரும் முன்னுதாரணம் ஆக மாட்டார்.

கால்வழியே பரவும் வலியோ மரப்போ இருப்பவருக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. அவர் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும், சிறுநீர் கட்டுப்பாடு தளர்ந்தாலோ கவட்டைப் பகுதி உணர்விழந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். ஐம்பதைக் கடந்து புதிதாகத் தொடங்குபவருக்கு, கிடைக்குமானால், உயரப் பிடியுள்ள ட்ராப் பாரே என் முதல் தேர்வு. போட்டிக்குத் தயாராகும் இளைஞர் சுமோ, வழக்கமான முறை இரண்டையும் தலா மூன்று மாதம் செய்து பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். ஒரு வாரம் செய்துவிட்டு எடுக்கும் முடிவு பெரும்பாலும் தவறாகிறது. மற்ற எல்லோரும் பலகையில் தொடங்கலாம்.

என்னுடைய 9 சென்டிமீட்டர் குறைந்து தரையைத் தொட ஏழு மாதங்கள் ஆயின. கடைசி இரண்டு சென்டிமீட்டருக்கு மட்டும் இரண்டு மாதம். இரண்டு முறை பலகையை எடுத்துவிட்டு, வீடியோவைப் பார்த்துத் திரும்ப வைத்தேன். இப்போதும் சிறிய பிளேட்டுகள் மட்டும் இருக்கும் ஜிம்முக்குப் போனால், பாரில் எடை மாட்டுவதற்கு முன்னால் நான் தேடுவது இரண்டு மரப்பலகைகளைத்தான்.